இடுப்பிலும் மடியிலும்

சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையை விட்டு மதுரைக்குப் புறப்படும் கள்ளழகர் ராஜகோலத்தில் புறப்படுவதில்லை. கள்ளர் வேடம் பூண்டு, கொண்டை போட்டு, கையில் வளைதடி ஏந்தி வருகிறார். வழி நெடுக மண்டகப்படி. வழி நெடுக ஜனசமுத்திரம். சுவாமியின் கையில் இருப்பது ஓர் ஆயுதம் என்பதோ, ஒரு காலத்தில் கும்பினி சர்க்கார் இந்தச் சீமையில் இருந்த அத்தகைய ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டது என்பதோ அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் பழைய ஏடுகளைப் புரட்டுகிறவனுக்கு அந்த வளைதடி ஒரு கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது. ஆயுதம் வைத்திருக்கிற மனிதன் அதை நாலு பேர் பார்க்கும்படி வைத்திருப்பது நல்லதா, மறைத்து வைத்திருப்பது நல்லதா?

அமெரிக்காவில் இது இன்றைக்கும் காரசாரமான வழக்கு. கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போகலாமா, அல்லது சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் போக வேண்டுமா என்று மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு சட்டம். வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆதியில் மறைத்து வைப்பதுதான் குற்றமாக இருந்தது. 1813-ஆம் ஆண்டிலேயே கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து வைத்த ஆயுதத்துக்குத் தடை போட்டன. வெளியே தெரியும்படி வைத்திருப்பவன் ஆண்பிள்ளை. மறைத்து வைத்திருப்பவன் மறைந்திருந்து கொல்லப் போகிறவன். 1850-இல் லூசியானா நீதிமன்றம் ஏறக்குறைய இந்த எண்ணத்தையே தீர்ப்பாக எழுதியது. பிற்காலத்தில் பல மாகாணங்களில் நிலைமை தலைகீழாயிற்று. டெக்ஸாஸ் என்றதும் சினிமாவில் பார்த்த கௌபாய்தான் நம் நினைவுக்கு வருவான். ஆனால் அந்த டெக்ஸாஸிலே லைசென்ஸ் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நடமாட 2016 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. லைசென்ஸே வேண்டாம் என்று ஆனது 2021-இல்.

நமக்கும் இந்த விஷயத்தில் பழைய அபிப்பிராயம் ஒன்று உண்டு. வள்ளுவர் கூடாநட்பைப் பற்றிச் சொல்லும்போது, பகைவன் கும்பிடும் கைக்குள்ளேயும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று எச்சரிக்கிறார். சேக்கிழார் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் கதையோ இன்னும் உருக்கமானது. திருக்கோவலூர் மன்னனைப் போர்க்களத்தில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, தவ வேடம் தாங்கி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அந்தப்புரம் வரையில் போய்விடுகிறான். காவல் நின்ற தத்தன் உருவிய வாளோடு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வாசலில் நிற்கிறான். உள்ளே புகுந்து கொன்றது சுவடிக் கட்டு. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை டெல்லியில் காந்தியடிகளின் எதிரே வணங்குபவனைப் போலக் குனிந்தவனிடமும் கைத்துப்பாக்கி மறைந்திருந்தது. அந்தக் குறளைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாலை நினைவுக்கு வராத தமிழன் இருக்க முடியாது.

சரித்திரக் கதை எழுதுகிற எங்கள் கூட்டத்துக்கு இந்த அபிப்பிராயம் ரொம்பவும் சௌகரியமானது. கதாநாயகனின் வாள் இடையில் தொங்கும். துரோகியின் கட்டாரி அங்கிக்குள் இருக்கும். ஆசாமி யாரென்று வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் சரித்திரம் நம் கதைகளைப் போல அவ்வளவு சுலபமாக நடந்துகொள்வதில்லை.

மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்கள் வரிசையாகச் சிலையாக நிற்கிறார்கள். நெடுங்காலம் தையல் மெஷின்களின் சத்தத்துக்கும் புத்தகக் கடை, பாத்திரக் கடைகளின் இரைச்சலுக்கும் நடுவே அவர்கள் நின்றார்கள்; கடைகளை அப்புறப்படுத்தியது சமீபத்தில்தான். திருமலை நாயக்கர் பெருத்த தொந்தியோடு சுவாமியை நோக்கிக் கை கூப்பி நிற்கிறார். இடையிலே குறுவாள். கும்பிடும் கை இங்கேயும் உண்டு, ஆயுதமும் உண்டு. ஆனால் இரண்டும் தனித்தனியாக, பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருக்கின்றன. குறுவாள் அங்கே சண்டைக்காக இல்லை. இன்னார் இவர் என்று சொல்வதற்காக இருக்கிறது. பூணூலும் தலைப்பாகையும் எப்படி ஒருவனுடைய அந்தஸ்தைச் சொல்லுமோ அப்படி.

இந்தச் சீமையின் ராஜாங்கமே அப்படித்தான் அமைந்திருந்தது. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை அந்தப் பாளையக்காரர்களின் பொறுப்பில் விட்டார்கள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பாளையக்காரன் ஆள் வைத்திருக்க வேண்டும். ஆளிடம் ஆயுதம் இருக்க வேண்டும். கூப்பிட்டபோது வர வேண்டும். அவனுடைய ஆட்கள் வல்லயமும் வாளும் திரித்துப்பாக்கியுமாகச் சந்தைக்கும் வருவார்கள், கோயிலுக்கும் வருவார்கள். கிராமத்துக்குக் கிராமம் காவல்காரன் உண்டு. தலங்காவல் என்றும் திசைக்காவல் என்றும் அதற்கு வரி உண்டு. களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பொறுப்பில் ஈடு கட்ட வேண்டும். தோளில் ஈட்டியோடு ஒருவன் வந்தால், அவன் யார், எந்தப் பாளையம், அவனுக்கு யார் பொறுப்பு என்பது மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும்.

இதைப் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காவல் வரி கொடுக்காத ஊருக்குக் களவு வருவதும், களவு வந்த ஊர் காவல் வரி கொடுக்க ஒப்புக்கொள்வதும் அன்றைக்கு வெகு சகஜம். காக்கிற கையும் பறிக்கிற கையும் பல இடங்களில் ஒரே கைதான். வெயிலில் மின்னுகிற ஈட்டி முனையைப் பார்த்துக் குடியானவன் பக்தியோடு வரி கொடுத்தான் என்று சொன்னால் அது கதை. ஆனால் ஒன்று. யாருக்குப் பயப்பட வேண்டும், யாரிடம் போய் முறையிட வேண்டும் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கும்பினிப் பட்டாளத்தில் வெல்ஷ் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1795-ஆம் ஆண்டு வாக்கில் மதுரைப் பக்கத்தில் இருந்தபோது அவருக்குச் சிவகங்கைச் சின்ன மருதுவின் பழக்கம் ஏற்பட்டது. சின்ன மருது அவருக்கு உயர்ந்த அரிசியும் பழங்களும் அனுப்புவார். ஈட்டி எறியவும் வளைதடி வீசவும் அந்த வெள்ளைக்காரருக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. வளரி என்றும் இதைச் சொல்வார்கள். மரத்திலோ இரும்பிலோ பிறை போல வளைந்தது. ஒரு முனை கனம், ஒரு முனை மெலிவு. தெரிந்தவன் வீசினால் 100 கஜ தூரத்திலும் குறி தவறாது என்று வெல்ஷ் பிற்காலத்தில் தமது நினைவுக் குறிப்பில் வியந்து எழுதினார். தம் ஆயுதத்தின் வித்தையை அந்நியனுக்குக் கூசாமல் காட்டிக் கொடுத்த மனிதரை நினைத்துப் பாருங்கள். மறைக்கிற எண்ணமே அங்கே இல்லை. ஆறு வருஷம் கழித்து அதே வெல்ஷ், மருது சகோதரர்களை வேட்டையாடிய படையோடு காளையார்கோயில் காட்டுக்குள் போனார். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த ஆறு வருஷத்தின் நடுவில்தான் நம் கேள்விக்குரிய காரியம் நடந்தது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், ஐந்தே நாளில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்துவிட வேண்டும். பீரங்கி, துப்பாக்கி, ஈட்டி எதையும் ஆட்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்திருந்தால் உயிர் போகும். இந்த உத்தரவைத் தகடுகளில் பொறித்து எல்லோரும் பார்க்கும்படி வைக்கவும் ஏற்பாடாயிற்று. நாடு அடங்கிவிட்டது என்று கும்பினியார் எண்ணினார்கள். தெருவில் ஈட்டி தென்படாவிட்டால் ஈட்டியே இல்லை என்று நினைப்பது ராஜாங்கம் நடத்துகிறவர்களுக்கு எப்போதும் உள்ள சபலம்.

பதினைந்து மாதம் கழிந்தது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் துரைமார்களுக்கு விருந்து. கோட்டைச் சிறையில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் அடைபட்டிருந்தார்கள். மாறுவேடத்தில், ஆயுதங்களை மறைத்துக்கொண்டு ஊருக்குள் வந்திருந்த அவர்களுடைய ஆட்கள் வெளியிலிருந்து பாய, காவல் மடங்கியது, கைதிகள் தப்பிவிட்டார்கள். விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி நோக்கி வெகு தூரம் போய்விட்டார்கள். இடிந்து கிடந்த கோட்டை சில நாட்களில் மீண்டும் எழும்பிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னே இதே ஆட்கள் வந்திருந்தால் ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொம்பு ஊதிக்கொண்டு வந்திருப்பார்கள். காவல்காரன் கதவைச் சாத்தியிருப்பான். மறைத்து வரும் வித்தையை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது பானர்மனின் தகடுதான் என்று சொன்னால் தப்பில்லை.

யுத்தமெல்லாம் முடிந்த பிறகு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு தமது பெயரில் ஒரு பிரகடனம் செய்தார். இவர் பிளாசிச் சண்டை கிளைவின் மகன். தென் சீமையின் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும் ஆயுதம் வைத்திருப்பதை அடியோடு ஒழிப்பது என்று அதில் உறுதி கூறினார். ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மன்னிப்பு. கட்டுப்பட்ட பாளையக்காரர்களுக்கு ஜமீன் சாசனம். 1803-ஆம் ஆண்டில் சாசனங்களும் வந்தன. வல்லயம் பிடித்தவர்கள் ஜமீன்தார்களாகி, நீதிமன்றத்தில் பங்காளியோடு வழக்காடப் போய்விட்டார்கள். அந்த யுத்தத்திலே எத்தனையோ வருஷத்துக்குப் பெயர் சொல்ல மிச்சமிருந்தவர்களில் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமி அவர்களில் ஒருவன். 1840-களில் மதுரைக் கோட்டையின் மதிலையும் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார். இன்றைய வெளி வீதிகள் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன.

நாடு முழுவதிலும் இருந்த இரும்பையெல்லாம் கும்பினியார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களா என்றால், அதுதான் இல்லை. குடியானவனுக்கு அரிவாள் வேண்டும்; கதிர் அறுக்க வேண்டும், கருவேல் வெட்ட வேண்டும். வளரி பூஜைக்குரிய பொருளாகிக் குலதெய்வத்தின் காலடிக்குப் போயிற்று. அழகர்மலையின் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அரிவாள் செய்து வைக்கிற நேர்த்திக்கடன் ஒரு வருஷமும் நிற்கவில்லை. பறிபோனது இரும்பு அல்ல. அதோடு பிறர் கண்ணில் படும் உரிமைதான் பறிபோயிற்று. அந்த உரிமை இப்போது சர்க்காருடைய சிப்பாய்க்கு மட்டும் வந்து சேர்ந்தது.

1878-ஆம் ஆண்டு லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டம் இதற்கு இந்தியா முழுவதிலும் பத்திரம் எழுதி முத்திரை வைத்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. சமஸ்தானாதிபதிகள், பட்டம் பெற்ற பிரபுக்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. ஆகவே அக்காலத்தில் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைப்பது வேட்டைக்காக மட்டும் அல்ல. துரையின் பட்டியலில் தம் பெயரும் இருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவும்தான். திருமலை நாயக்கரின் குறுவாளுடைய வேலையை இப்போது ஒரு காகிதம் பார்த்தது. அகிம்சையே உயிரென்று வாழ்ந்த காந்தியடிகள்கூட, 1918-இல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது, பிரிட்டிஷார் இந்த நாட்டுக்குச் செய்த தீமைகளிலெல்லாம் கொடியது இந்தச் சட்டம்தான் என்று எழுதினார். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுக்க முடிந்தும் எடுக்காதிருப்பதுதானே அவர் சொன்ன அகிம்சை?

மறைத்து வைப்பதற்கென்றே தயாரான ஆயுதமும் இதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஈட்டியை மடியில் செருக முடியாது. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் சீமை. ஆங்கிலேயனுடைய சட்டம் அங்கே செல்லாது. 1910-இல் லண்டனிலிருந்து தப்பி அங்கே வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலின் முதல் வகுப்பு வண்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியோடு உட்கார்ந்திருந்தார், கொடைக்கானலுக்குப் பயணம். நன்றாக உடுத்திய ஓர் இளைஞர் பிளாட்பாரத்தில் நடந்து வருவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வண்டியில் ஏறிச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார் வாஞ்சி.

வாஞ்சியை முத்தநாதனோடு ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. மறைத்து வந்தவர்தான், ஆனால் சட்டைப் பைக்குள் இருந்த கடிதத்தில் தாம் யார், எதற்காகச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார். அந்தக் கடிதத்தின் வாசகங்கள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க முடியாது என்பது வேறு விஷயம். வெளிப்படையாக வாள் ஏந்தும் வழியை அடைத்த இடத்தில் கைத்துப்பாக்கி மடியில் முளைத்தது என்று மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அதே 1911-ஆம் ஆண்டில்தான் குற்றப் பரம்பரைச் சட்டமும் திருத்தி விரிவாக்கப்பட்டு, சில வருஷங்களில் மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. கிராமத்து ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஆண்பிள்ளைகள் எல்லோரும் கை ரேகை பதிய வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். இரவில் போலீஸார் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். ஈட்டி வெளியே தெரிந்த காலத்தில் ஈட்டிக்காரனைத் தனியே அடையாளம் காண முடிந்தது. அந்த அடையாளத்தை அழித்த பிறகு யார் கையில் என்ன மறைந்திருக்கிறது என்று தெரியாத பயம் சர்க்காரைப் பிடித்துக்கொண்டது. ஆகவே ஆயுதத்தை விட்டுவிட்டுக் கையையே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒரு நாளும் கன்னக்கோல் தொடாத கையும் மையில் தோய வேண்டியதாயிற்று. உசிலம்பட்டிக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மட்டும் மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. சுட்ட துப்பாக்கிகள் ஒன்றும் மறைவாக இல்லை. சென்னை ராஜதானியில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்.

சுயராஜ்யம் வந்தால் ஆயுதமும் வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. 1931-ஆம் ஆண்டு கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகத் தீர்மானம் செய்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை நினைவூட்டி ஒரு திருத்தம் கொண்டு வந்தார். அந்தக் கோரிக்கை வெள்ளைக்காரன் காலத்துக்குச் சரி, இப்போதைய நிலைமை வேறு என்ற முறையில் டாக்டர் அம்பேத்கர் பதில் சொன்னார், திருத்தம் தோற்றது. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமைதான் அரசியல் சட்டத்தில் ஏறியது. சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் மத உரிமையில் இடம் கிடைத்தது. காமத் பக்கம் சரித்திரம் இருந்தது. அம்பேத்கர் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். பிரிவினை ரத்தம் காயாத நாட்டில், எல்லோரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றால் முதலில் வாங்கக்கூடியவன் யார், கடைசி வரை வாங்க முடியாதவன் யார் என்பதை அவரைவிட அறிந்தவர் அந்தச் சபையில் எவரும் இல்லை.

1959-ஆம் ஆண்டு நம்முடைய சொந்த ஆயுதச் சட்டம் பிறந்து, 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் விதிகளைப் படிப்பது அலுப்பான வேலைதான். ஆனால் நடுநடுவே சுவாரசியம் உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் சேரும். கைத்தடிக்குள் வாளை ஒளித்து வைக்கும் குத்தித்தடியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை சேராது. திருப்பாச்சேத்தி அரிவாள் எந்தக் கணக்கில் சேரும்? பட்டறையில் அது விவசாயக் கருவி. கருப்பன் சந்நிதியில் காணிக்கை. இரவில் சட்டைக்குப் பின்னால் முதுகோடு ஒட்டிச் செருகியிருந்தால் வேறு. ஒரே இரும்பு எங்கே, எப்படித் தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் போலீஸ்காரரும் மாஜிஸ்திரேட்டும் தீர்மானம் செய்ய வேண்டியிருக்கிறது.

கைத்துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களின் கதை இன்னொரு விதம். 2016-ஆம் ஆண்டின் விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதை உறையிலோ பையிலோ வைத்து முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்கின்றன. வெளியே எடுத்து வீசிக் காட்டுவதும் கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுடுவதும் கூடாது. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. ஆக, 1813-இல் கென்டக்கிக்காரர் எதைக் குற்றம் என்றாரோ அதை நம் சட்டம் கடமையாக்கியிருக்கிறது. நம் ஊர்க் கடைவீதி நெரிசலில் இது ஒருவகையில் மரியாதைதான். பக்கத்தில் நிற்கிறவரின் இடுப்பில் ரிவால்வர் தெரிந்தால் யாரால் நிம்மதியாக மல்லிகைப்பூ பேரம் பேச முடியும்? மந்திரிகளுக்குப் பின்னால் வரும் மெய்க்காவலர்களும், கோயில் வாசலில் நிற்கும் போலீஸாரும் மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களின் பையையும் மடியையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 2018 முதல் கைப்பேசியையும் வெளியிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஜில்லா முழுவதும் லைசென்ஸ்காரர்களுக்குத் தாக்கீது போகும். துப்பாக்கியைக் கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்கள். ஓட்டு எண்ணி, வெற்றி ஊர்வலமெல்லாம் ஓய்ந்த பிறகு அந்த ரசீதைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.